ஆடி பத்தொன்பதில் ஒரு வண்டி

திரையில் பன்னிரண்டு என்று காட்டியது, பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்னல் குறி விட்டுவிட்டு எரிந்தது, எண்பது சதவீதம் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் சார், ஏசி போட்டு உட்கார்ந்திருங்க, நான் ஒரு டீ சாப்பிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு ஷோரூம்காரர் ஜாபர் போய்விட்டார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டிக்கே சார்ஜ் போட மறந்திருக்கிறார்கள், தாலியை மறந்துவிட்டு மண்டபத்துக்கு வந்த மாதிரி, பாவம் அந்த மனிதருக்கு முகமே செத்துப் போய்விட்டது, நாற்பது வயது தாண்டியவர், பத்து தடவையாவது சாரி சொல்லியிருப்பார். அவினாசி ரோட்டில் பாதி தூரம் வந்தபின் வண்டி தானே எச்சரிக்கை செய்ய, ஓட்டல் ஒன்றின் பின்பக்கத்தில் மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடுகிற இந்த இடத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு, வீட்டில் சிரித்த முகம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது, நேற்று சாயங்காலத்திலிருந்து முகம் தனியாகக் கனக்கிற ஒரு சாமானாகிவிட்டது, இங்கே கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட காருக்குள் அதைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கலாம். பன்னிரண்டு பதின்மூன்றானது. ஏறுகிற எண்ணைப் பார்ப்பதே புதிதாக இருந்தது, வீட்டில் மனைவி வசந்தாமணியின் விரலில் கவ்வியிருக்கும், பிராணவாயு அளக்கிற கருவியில் எண்கள் இறங்கித்தான் பழக்கம், தொண்ணூற்று நாலு, தொண்ணூறு, இன்று காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எண்பத்திரண்டு, பிறகு கட்டிலில் சாய்ந்து மெல்ல மெல்ல எண்பத்தெட்டு. அதைப் பார்த்து, பரவாயில்லையே என்று அவரே சொன்னார். எண்பத்தெட்டைப் பரவாயில்லை என்று சொல்கிற மனுஷனாக எப்போது ஆனோம் என்று இப்போது யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

அவளுடைய நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, மூன்று வருஷமாக, எதனால் என்று யாரும் சொல்லவில்லை, சிலருக்கு வரும் என்றுதான் சொன்னார்கள். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓடுகிறது, புஸ் என்று ஒரு மூச்சு, ஒரு இடைவெளி, மறுபடி புஸ், அதிலிருந்து புறப்படும் குழாய் அவள் காதுகளைச் சுற்றி மூக்குக்கு வருகிறது. குழாயின் நீளம் ஏழு மீட்டர். ஏழு மீட்டரில் சமையலறை அடங்கும், பாத்ரூம் அடங்கும், ஹால் சோபா அடங்கும், வாசல் கேட்டுக்கு மூன்றடி முன்னால் முடிந்துவிடும். அந்த மூன்றடிக்கு இந்தப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள், கீரைக்காரி அங்கே வந்து நிற்பாள், கீரைக்கட்டைக் கேட்டுக்கு மேலாக நீட்டினால் வசந்தாமணி குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எட்டி வாங்குவாள். ஊரெல்லாம் வண்டி ஓட்டிய கை அது. ஈஸ்வரமூர்த்திக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று லைசென்ஸ் சொல்கிறதே தவிர வேறு யாரும் சொன்னதில்லை, ஓட்டியதெல்லாம் அவள்தான், காரை நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டு, காந்திபுரம் நெரிசலில் பஸ்காரனிடம் வழி வாங்கிக்கொண்டு ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். இப்போது பெட்ரோல் வாடை பட்டாலே இருமல் புரட்டுகிறது, பழைய காரை விற்றாகிவிட்டது. சிலிண்டர் வைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்றால் அது வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்குப் பயம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் வைத்துக்கொள்வாள். இந்த வண்டியில் பின்சீட்டுக்குக் கீழே வீட்டில் இருக்கிற மாதிரியே மூன்று ஓட்டை பிளக் ஒன்று இருக்கிறது. வாடகைக்கு வருகிற வண்டி எதிலும் அது இல்லை, விசாரித்துவிட்டார். மிஷினை அதில் சொருகிவிட்டால் புகை இல்லை, சத்தம் இல்லை, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மரத்தடியில் நிறுத்தி நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். தினமும் காலையில் இரண்டு பேரும் நடந்த இடம், மூச்சு வாங்க ஆரம்பித்தது அங்கேதான், ஒருநாள் நடுவில் நின்று, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள், அவள் போட்டிருந்தது செருப்பு. ஆவணி பிறக்கட்டுங்க, எடுக்கலாம் என்று போன மாதம் சொன்னாள். சரி என்றார். ஆவணி அப்போது பக்கத்தில் இருந்தது.

இன்றைக்கு ஆடி பத்தொன்பது, ஆவணி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள், பிறந்தாலும் முதல் தேதியும் அதற்கடுத்த நாட்களும் சரியில்லை, காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டார், முதல் நல்ல நாள் ஆவணி ஒன்பது. ஆடியில் வண்டி எடுக்க ஒரே நாள் உண்டு, பதினெட்டாம் பெருக்கு, அது நேற்று. அந்த நேற்றுத்தான் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், புது ஸ்கேனையும் பழைய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், நாள் கணக்கெல்லாம் நான் சொல்ல மாட்டேன், நீங்க வாரக் கணக்குல யோசிச்சுக்கங்க என்றார். வாரக் கணக்கில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள், இங்கே தாழி உடைந்தது நல்ல நாளாகப் பார்த்து உடைந்தது. வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலியில் இருந்தவளிடம் வந்து, அப்படியேதான் இருக்குதாம், மோசமாகலையாம் என்று சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சரிங்க என்றாள். பிறகு, உங்க கண்ணாடியை உள்ளயே விட்டுட்டு வந்துட்டீங்க என்றாள். அவர் திரும்பி உள்ளே போய் டாக்டர் மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார், அதற்குள் அவள் நர்சிடம் பூ விலை கேட்டுக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, மகள் வினோதாவிடம்கூடப் போனில் முழுதாகச் சொல்லவில்லை, பூசணிக்காய் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது இந்த வண்டியை இந்த வாரமே கொண்டுபோய் வாசலில் நிறுத்தலாம். நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். வேறு யாராவது என்றால் சந்தேகம் வராது, ஆனால் ஆடி பார்ப்பதில் அவர் ஊரறிந்த ஆள். வினோதா காலேஜில் சேர்ந்த வருஷம் ஸ்கூட்டர் வாங்க எல்லாம் முடிந்து வண்டி கடையில் நின்றது, ஆடி பிறந்துவிட்டது என்று ஒரு மாதம் அவளைப் பஸ்ஸில் தொங்கவிட்டார், இரும்புக்கு என்னப்பா ஆடி ஆவணி என்று அந்தப் பெண் அழுதே விட்டாள், அவர் அசையவில்லை, சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஈஸ்வரமூர்த்தி ஆடி பத்தொன்பதில் புதுக் கார் எடுத்துக்கொண்டு வந்தால், அது ஸ்கேனை அவள் முன்னால் வாசித்துக் காட்டுவதற்குச் சமம். இத்தனை வருஷம் பிடித்த பிடிவாதமெல்லாம் இந்த ஒரு மாதத்தில் தன்னையே மாட்டிவிடத்தானா என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரையில் இருபத்தாறு. ஆவணி ஒன்பதுக்கு இருபது நாள். இருபது நாள் என்றால் வாரக் கணக்கில் மூன்று, மூன்று கூட இல்லை, ஒரு நாள் குறைகிறது.

மோட்டார் பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் அவருக்கு இதுதான் வேலை, எது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வது. புது மாடல் வந்தால் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற காயில் கம்பி எரிந்து நிற்கும் வரை ராப்பகலாக ஓடவிடுவார்கள், எரிந்த காலத்தில் பாதியைக் கேரண்டி கார்டில் எழுதுவார்கள், கேரண்டி என்பது தாங்குகிற காலம் இல்லை, கம்பெனிக்கு வெட்கம் வராத காலம் என்று அவரே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்த மோட்டார் எப்போது எரியும் என்று டீக்குப் பந்தயம் கட்டுவார்கள், அவர் கட்டினால் யாரும் எதிர்த்துக் கட்டமாட்டார்கள், எரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சத்தம் மாறும், வெளியே யாருக்கும் கேட்காது, அவருக்குக் கேட்கும். வசந்தாமணி தூக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் பத்து நாளாகவே மாறியிருந்தது. அதை அவர் கேட்டார், கேட்டும் மிஷினில் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லி ஃபில்டரைக் கழுவிப் போட்டார். இந்த வண்டியின் பாட்டரிக்கு எட்டு வருஷம் கேரண்டி சார் என்று ஜாபர் பெருமையாகச் சொன்னபோது அவர் அதைத் தன் வயதோடு கூட்டிப் பார்த்தார். எட்டு வருஷம். அவருக்கு அப்போது எழுபத்து நாலு. ஓட்டத் தெரிந்தவள் இல்லாமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பழகினவர் எந்த சீட்டில் உட்காருவார், பின்னால் இருக்கிற அந்தப் பிளக்கில் எதைச் சொருகுவார். சொந்தமாக எடுப்பதா லீசுக்கு எடுப்பதா என்று ஜாபர் கேட்டார், லீசு என்றால் கம்பெனி வண்டி, நீங்கள் மாதாமாதம் கட்டி ஓட்டலாம், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், எத்தனை வருஷத்துக்குப் போடட்டும், இரண்டா மூன்றா. ஒரு மாசத்துக்குக் கிடைக்குங்களா என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார், வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. அதுக்கு டாக்ஸி எடுத்துக்கலாமே சார் என்று ஜாபர் சிரித்தார், அவர் மேல் தப்பில்லை, யார் கேட்டாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதே ஜாபர்தான் பிறகு வழியையும் காட்டினார். ஆடியைப் பற்றி ஷோரூம்காரருக்குத் தெரிந்த அளவு எந்த ஜோசியருக்கும் தெரியாது, வருஷா வருஷம் அந்த மாதம் அவர்கள் ஈ ஓட்டுகிறார்கள். ஆடின்னு யோசிக்கிறீங்களா சார், லீசுன்னா ஆடி ஒட்டாது, ஆர்.சி. புக் கம்பெனி பேர்ல, நீங்க வாங்கவே இல்லையே, ஓட்டறீங்க அவ்வளவுதானே, போன வருஷம் நாலு பேர் அப்படித்தான் ஆடியில எடுத்தாங்க என்றார். அந்தப் பேச்சை ஈஸ்வரமூர்த்தி விழுந்து பிடித்துக்கொண்டார். நம் வண்டி இல்லை, அதனால் ஆடி இல்லை, அதனால் அவசரமும் இல்லை, அதனால் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக நன்றாகத்தான் நிற்கிறது. பொய்யைக்கூட ஓடவிட்டுப் பார்த்துச் சொல்கிற ஆள் அவர், இந்தப் பொய் வீடு வரைக்கும் தாங்கும் என்று தோன்றியது. வீட்டுக்குள்ளே போன பிறகு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் முள் மாட்டியது. அவர்கள் வீட்டில் எந்த வண்டியும் அவள் பேரில் இல்லாமல் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய மொபெட், ஸ்கூட்டர், பழைய கார், எல்லாம் வசந்தாமணி பேரில், அவள் பேரில் எடுத்தால் கீறல் விழாது என்பது அவர் கணக்கு, உண்மையில் கீறல் விழாமல் இருந்ததற்குக் காரணம் அவர் ஓட்டாமல் இருந்ததுதான் என்பாள் அவள். இதை மட்டும் யாரோ கம்பெனி பேரில் எடுத்தால் ஏன் என்று கேட்பாள். கேட்கட்டும், லீசு என்றால் அப்படித்தான் என்று சொல்லலாம். வண்டி யார் பேரில் என்று யோசித்ததும் அவள் அண்ணனின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்னால் அந்த அண்ணன் திடீரென்று இறந்துபோனபிறகு அந்த வண்டியை அண்ணி கோமதி பேருக்கு மாற்ற வசந்தாமணியும் அவரும்தான் அலைந்தார்கள், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, முப்பத்தொன்றாம் நம்பர் ஃபாரம், ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும். கையெழுத்துக்காக ஒருநாள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையில் கூப்பிடும்போது புக்கில் இருந்த பேரைத்தான் கூப்பிட்டார்கள், செத்துப்போனவர் பேரை, சத்தமாக, இரண்டு தடவை. அண்ணி பழக்கத்தில் எழுந்து, அவர் வரலீங்க என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள், அன்றைக்கு முழுவதும் வசந்தாமணி அவள் கையை விடவில்லை. இப்போது வீட்டில் வசந்தாமணிக்குத் துணையாக இருப்பது அந்த அண்ணிதான். நாற்பத்தேழு என்றது திரை.

போன் அடித்தது. வசந்தா என்று எழுத்து வந்தது. அவர் இறக்கி வைத்திருந்த சிரித்த முகத்தை மறுபடி தூக்கிக்கொண்டார், போனில் முகம் தெரியாது என்பது தெரிந்தும்.

வண்டி பார்த்தாயிற்றா என்று கேட்டாள், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று. பின்னால் புஸ் என்று மிஷின் கேட்டது. பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது, சத்தமே இல்லை, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஜாபர் சொன்னதிலிருந்து மனப்பாடம் செய்திருந்ததை எடுத்தார்.

"லீசுக்கு எடுத்தரலாம்னு இருக்கறேன் வசந்தா. வாங்கறதில்ல, வாடகை மாதிரி. நம்ம வண்டி இல்லீங்கறதால ஆடி பாக்க வேண்டியதில்ல பாரு."

புஸ். இடைவெளி. புஸ். அவர் எண்ணிக்கொண்டிருந்தார், நாலாவது புஸ்ஸுக்குப் பிறகு பேசினாள்.

"லீசெல்லாம் வேண்டாங்க. சொந்தமாவே எடுத்துருங்க."

அப்படியென்றால் ஆவணி ஒன்பது வரைக்கும் பொறுக்கவேண்டுமே, அதற்கு முன்னால் நாள் இல்லையே என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாகத்தான் இருந்தது, கேரண்டி கார்டு எழுதுகிற குரல்.

"ஆவணி எதுக்குங்க," என்றாள். "இப்பவே எடுங்க."

ஏதாவது பேசியாகவேண்டும் என்று, ஆடியில எடுத்தா வினோதா என்னைக் கொன்னுபோடுவாளே என்றார். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாயிற்று, இருமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்தது, அண்ணி ஓடிவந்து ஏதோ சொல்கிற குரல், தம்ளர் வைக்கிற சத்தம், அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இந்த இருமல் நிற்கட்டும், இது மட்டும் நிற்கட்டும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. நின்றது.

"ஏனுங்க, இருக்கறீங்களா? இந்தத் தடவ உங்க பேர்ல எடுங்க."

"எப்பவும் உம்பேர்லதான வசந்தா..."

"வேண்டாங்க. அப்புறம் பேரு மாத்தோணும்னு நீங்க தனியாப் போய் நிப்பீங்க. அங்க எம்பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. நீங்க தாங்க மாட்டீங்க."

ஓட்டலின் பின்கதவு திறந்து ஒருவர் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனார். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணாடி. நேற்று வராந்தாவில் அவள் முகத்தைப் பார்த்ததும், சரிங்க என்றதும், கண்ணாடியை எடுத்துவர அவரை அனுப்பியதும், திரும்பி வருவதற்குள் பூ விலை கேட்கத் தொடங்கியிருந்ததும் வரிசையாக வந்து நின்றன. அவர் ஒரு ராத்திரி பூராவும் மறைத்துக்கொண்டிருந்ததை அவள் அதே ராத்திரி பூராவும் அவருக்காக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் மூச்சுக்கே பஞ்சமான உடம்பை வைத்துக்கொண்டு. அவர் அழுதார். சத்தம் வராமல் அழ முயன்றார், அவளுக்குக் கேட்காமல் இருக்காது என்று தெரிந்ததும் அந்த முயற்சியை விட்டுவிட்டார். அவள் புஸ் புஸ் என்று காத்திருந்தாள், அவர் தும்மி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. கடைசியில் அவள்தான் பேச்சை மாற்றினாள், வேறு குரலில், கடைக்காரனிடம் துணி கிழியுமா சாயம் போகுமா என்று கேட்கிற குரல் அது.

"மூக்குல குழாயோட ஓட்டுனா, வளைவுல திருப்பையில ஸ்டியரிங்ல சிக்குமுங்களா?"

"ஓட்டறயா?"

"பின்னென்ன. ரேஸ் கோர்ஸ் ஒரு ரவுண்டு நாந்தான் ஓட்டோணும். நீங்க ஓட்டுனா எனக்கு மூச்சு நின்னுரும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தார். டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். ஜாபரின் போன் சார்ஜர் ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கி, அவள் குழாய் போட்டுக்கொள்வதுபோலவே இரண்டு காதையும் சுற்றி மூக்குக்குக் கீழே கொண்டுவந்து, மிச்சத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டார். பிறகு நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதும் திருப்பினார், வலப்பக்கம் முழுதும் திருப்பினார். ஒயர் மார்பின்மேல் ஆடியதே தவிர எங்கும் மாட்டவில்லை.

"சிக்காது," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். சிக்காது வசந்தா என்றார். சரிங்க, வெயிலுக்கு முன்னாடி வந்து சேருங்க என்று வைத்துவிட்டாள்.

ஜாபர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ஈஸ்வரமூர்த்திக்கும் ஒரு டீயைக் காகித தம்ளரில் வாங்கிக்கொண்டு வெளியே நின்றிருந்தார். கார்க் கண்ணாடியை இறக்கியதும் டீயைக் கொடுத்தார், காதில் இருந்த ஒயரைப் பார்த்தார். சொந்தமாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும் டேபிளெட்டில் ஃபாரத்தைத் திறந்தார். ஆடியில் வண்டி சும்மாதான் நிற்கிறது, மூன்று நாளில் கையில் கொடுத்துவிடலாம் என்றார்.

"ஆர்.சி. யார் பேருக்கு சார்?"

முப்பத்தேழு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார், அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஈஸ்வரமூர்த்தி," என்றார்.

ஜாபர் எழுதிக்கொண்டார். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது, நாள் ஏதாவது பார்க்கவேண்டுமா, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீட்ல பாத்துட்டாங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி, ஒயர் இன்னும் காதில்தான் இருந்தது. "இன்னைக்கே போடுங்க."